நெல்லைச் சீமையில் கட்டுப்படியாகும் வாடகை வீடு: தேடுவதிலிருந்து அட்வான்ஸைத் திரும்ப வாங்குவது வரை

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் சிற்றூர்களில் நல்ல வாடகை வீடுகள் பெரும்பாலும் விளம்பரத்துக்கு வருவதில்லை. அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ ஒரு வீடு காலியாகப் போகிறதென்றால், சாமான் ஏற்றும் வண்டி வந்து நிற்பதற்கு முன்பே தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சிக்கும் பால்காரருக்கும் சங்கதி தெரிந்துவிடும். "நமக்கு வேண்டிய குடும்பம்தான்" என்று ஒருவர் சொன்னால் போதும், அன்று சாயங்காலமே பேசி முடித்துவிடுவார்கள். ஆக, இங்கே வீடு வாய்வழியாகத்தான் கிடைக்கும். கிடைத்த பிறகும் எல்லாவற்றையும் வாய்ப்பேச்சிலேயே விட்டுவிடுகிறோம் பாருங்கள், அங்கேதான் குறைந்த வருமானக் குடும்பங்கள் பணத்தை இழக்கின்றன. அட்வான்ஸ், கரண்ட் பில், வெள்ளையடிப்பு, ஒத்திப் பணம் என்று ஒவ்வொன்றிலும் இழப்பு. வேலைக்காகவோ பிள்ளைகள் படிப்புக்காகவோ நெல்லைப் பக்கம் வீடு தேடுகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் மொத்தக் கணக்கு

வாடகையை மட்டும் வைத்து "இது மலிவு, அது கூடுதல்" என்று முடிவு செய்யாதீர்கள். வாடகை, கரண்ட், தண்ணீர், வேலைக்குப் போய்வரும் செலவு, அட்வான்ஸுக்காக வாங்கிய கடனின் வட்டி, இந்த ஐந்தையும் கூட்டிப் பார்த்தால்தான் வீட்டின் உண்மையான விலை தெரியும்.

பாளையங்கோட்டையில் ஒரு வீடு 8,000 ரூபாய், சேரன்மகாதேவியில் அதே அளவு வீடு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 3,000. வேலை நெல்லை ஜங்ஷனில் என்றால், திருநெல்வேலி – செங்கோட்டை ரயில் பாதை உங்களுக்கு உதவும். பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று வரிசையாக நிலையங்கள் இருக்கின்றன. மாதாந்திர சீசன் டிக்கெட் எடுத்தால் பஸ் செலவைவிட வெகுவாகக் குறையும். ஆனால் ரயில் நேரமும் உங்கள் ஷிப்ட் நேரமும் பொருந்த வேண்டும். பொருந்தாமல் தினமும் பைக்கில் வந்தால் அந்த 3,000 பெட்ரோலுக்கே சரியாகிவிடும்.

வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கும் வீட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. 2021 முதல் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் முன்னீர்பள்ளம், சுத்தமல்லி, தாழையூத்து மாதிரி டவுனை ஒட்டிய ஊர்களில் வீடு பார்க்கும்போது, பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம், காலையில் எத்தனை மணிக்கு டவுன் பஸ் வருகிறது, ராத்திரி கடைசி பஸ் எப்போது என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். ஊர்விட்டு ஊர் போகும் புறநகர் பஸ்ஸுக்கு இந்தச் சலுகை கிடையாது.

என் அபிப்பிராயத்தில், ஐந்தும் சேர்ந்த தொகை வீட்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த வீடு வேண்டாம். ஒரு மருத்துவச் செலவு வந்தாலே வாடகை பாக்கி விழுந்துவிடும்.

2. எந்த மாதத்தில் தேடுவது

பள்ளிக்கூடம் முடிந்து திறப்பதற்குள், அதாவது சித்திரை, வைகாசியில் வீடுகள் அதிகம் காலியாகும். தேடுகிறவர்களும் அப்போதுதான் அதிகம். ஆடி, புரட்டாசி, மார்கழியில் நம் பக்கம் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆனியில் காலியான வீடு ஆடி முழுக்கப் பூட்டிக் கிடக்கும், வீட்டுக்காரருக்கு அது நஷ்டம். ஆடியில் போய்ப் பேசி, சிறு தொகை டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து, ஆவணி பிறந்ததும் குடிபோகிறேன் என்று சொன்னால் வாடகையில் ஐந்நூறாவது குறைத்துக் கேட்க இடமிருக்கும். மாதம் பார்க்காதவர்களுக்கு இன்னும் வசதி, அந்த மாதத்திலேயே குடிபோய்விடலாம்.

3. யாரிடம் கேட்பது

ஓஎல்எக்ஸ், பேஸ்புக் குழுக்கள் எல்லாம் பெருமாள்புரம், மகாராஜநகர், கே.டி.சி. நகர் போன்ற இடங்களுக்குப் பயன்படும். களக்காட்டுக்கோ முக்கூடலுக்கோ அது போதாது. தெருவில் இறங்கித்தான் கேட்க வேண்டும். மளிகைக் கடை, பால்காரர், துணி தேய்க்கிறவர், கேஸ் சிலிண்டர் போடுகிற பையன், பள்ளிக்கூட ஆயா, இவர்களுக்குத் தெருவின் ஒவ்வொரு வாசலும் தெரியும். கேட்கும்போது "வீடு இருக்கா?" என்று மொட்டையாகக் கேட்காமல், எத்தனை பேர், என்ன வேலை, எவ்வளவு வாடகை வரை முடியும், எப்போது வர வேண்டும் என்ற நாலையும் சொல்லி, போன் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அந்தப் பக்கம் போய் முகத்தைக் காட்டுங்கள்.

புரோக்கர் பொதுவாக ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்பார். வீட்டுக்காரரிடம் பேசி முடிந்து எழுதிய பிறகே கொடுங்கள். வீடு காட்டுவதற்கே முன்பணம் கேட்கிறவரிடம் போகாதீர்கள். போட்டோ மட்டும் அனுப்பி, "ராணுவத்தில் இருக்கிறேன், அட்வான்ஸை ஜிபே பண்ணுங்கள், சாவி கூரியரில் வரும்" என்பவர்கள் மோசடிக்காரர்கள்.

வருத்தமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நெல்லைப் பக்கம் வீடு கேட்டுப் போனால், பெயரைக் கேட்பதற்கு முன்பே "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்கிற வாசல்கள் இன்னும் இருக்கின்றன. சாதி, மதம், கறிச் சாப்பாடு, கல்யாணம் ஆகாதவர், கணவர் இல்லாதவர் என்று எத்தனையோ காரணம் காட்டி வீடு மறுக்கிறார்கள். இது அநியாயம். இதனால் ஒரே வருமானமுள்ள இரண்டு குடும்பங்களில் ஒன்று கூடுதல் வாடகை கொடுத்து மோசமான வீட்டில் இருக்க வேண்டியதாகிறது. வீடு தேடுகிறவருக்கு நான் சொல்லக்கூடியது, பொய் சொல்லிக் குடிபோகாதீர்கள், பிறகு ஒவ்வொரு நாளும் பயந்து இருக்க வேண்டிவரும். கூட வேலை பார்ப்பவர்கள், பிள்ளையின் டீச்சர், தொழிற்சங்கத்துக்காரர்கள் மூலம் போனால் இந்தக் கேள்வி குறையும். இதைப் படிக்கிறவர் வீட்டுக்காரராக இருந்தால், வாடகை ஒழுங்காக வருமா, வீட்டை நன்றாக வைத்துக்கொள்வார்களா என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

4. வீட்டைப் பார்ப்பது எப்படி

சாயங்காலம் காற்று வரும் நேரத்தில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். மேலே தட்டட்டிக்கு (மொட்டைமாடிக்கு) நேர் கீழே உள்ள அறையில் பத்து நிமிஷம் மின்விசிறியைப் போட்டுவிட்டு நில்லுங்கள். சூடான காற்றே இறங்கினால், சித்திரை, வைகாசியில் அங்கே குழந்தையைத் தூங்க வைக்க முடியாது. சிமெண்ட் ஷீட் போட்ட வீடு இன்னும் மோசம். பழைய ஓட்டு வீடோ, தார்சாவும் (முன்கூடம்) பட்டாசாலையும் (நடுக்கூடம்) உள்ள வளவு வீடோ (ஒரே வாசலுக்குள் பல குடும்பங்கள் இருப்பது) கிடைத்தால், கக்கூஸ் பொதுவாக இருந்தாலும் யோசித்துப் பார்க்கலாம். வாடகை குறைவு, வெயில் தாங்கும், அக்கம்பக்கத்தில் ஆள் உண்டு. பொதுக் கக்கூஸை எத்தனை குடும்பம் பயன்படுத்துகிறது, யார் கழுவுகிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது ஜங்ஷன், மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை, கொக்கிரகுளம் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தாழ்வான இடத்தில் தரைத்தள வீடு பார்க்கிறீர்கள் என்றால் சுவரின் கீழ்ப்பகுதியைக் கவனியுங்கள். இடுப்பளவிலோ முழங்காலளவிலோ மங்கிய கோடு ஓடும். புதுச் சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தாலும் கதவு நிலையின் அடி உப்பியிருக்கும், சுவிட்ச் பெட்டி திருகாணிகள் துருப்பிடித்திருக்கும். எதிர்வீட்டு ஆச்சியிடம் "அந்த மழைக்கு இங்க எது வரைக்கும் தண்ணி வந்துச்சு?" என்று கேட்டால் கையை வைத்தே காட்டிவிடுவார். பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய், கன்னடியன் கால்வாய் ஓரத்து வீடுகளுக்கும் ஐப்பசி, கார்த்திகையை நினைத்து இதே கேள்வியைக் கேளுங்கள்.

தண்ணீர் பற்றி: குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருமா, போர் தண்ணீர் மட்டும்தானா, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்த நேரத்தில்? ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்கள் உண்டு. குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். குடிதண்ணீரை விலைக்கு வாங்க வேண்டியிருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

கரண்ட் மீட்டரைக் கட்டாயம் பாருங்கள். நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும். உங்கள் வீட்டுக்குத் தனி இணைப்பு இருந்தால் அந்த 100 யூனிட் உங்களுக்கு. மூன்று வீட்டுக்கு ஒரே இணைப்பை வைத்து, சப் மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வாங்கினால், இலவச யூனிட்டும் போய், மூன்று வீட்டுப் பயன்பாடும் சேர்ந்து உயர்ந்த விலைக்குப் போய்விடும். 500 ரூபாய் வாடகை குறைவான வீடு இந்த ஒன்றிலேயே விலை கூடிவிடும்.

5. பேரம்

வாடகையைவிட அட்வான்ஸில்தான் நம் ஊரில் இளக்கம் அதிகம். பத்து மாத அட்வான்ஸ் கேட்பது பழக்கமாகிவிட்டது. ஆனால் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சம்மதித்து எழுதாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. சட்டத்தை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டினால் வீடு கிடைக்காது. இப்படிப் பேசலாம்:

"ஆச்சி, அஞ்சாயிரம் வாடகை சரிதான். அட்வான்ஸ்தான் இடிக்கி. அம்பதாயிரம் ஒரேயடியா எங்களால முடியாது."

"முன்னால இருந்தவுக அம்பதுதானய்யா குடுத்தாவ."

"பதினஞ்சு இப்ப தாரோம் ஆச்சி. மேற்கொண்டு அஞ்சு, பொங்கலுக்குள்ள தந்துருதோம். வாடகை மாசம் அஞ்சாந்தேதி உங்க அக்கவுண்டுல விழுந்துரும். வேண்டும்னா முன்னால இருந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கேளுங்க."

அந்தக் கடைசி வரி வேலை செய்யும். பழைய வீட்டுக்காரரிடம் நல்லபடியாகப் பிரிந்திருந்தால் அவர் நம்பரே உங்களுக்குச் சிபாரிசு.

6. ஒத்தி: நன்றாக யோசித்து

மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது ஒத்தி. காலம் முடிந்ததும் தொகை திரும்ப வரும். கையில் சேமிப்பு இருப்பவருக்கு லாபமான ஏற்பாடு. கடன் வாங்கி ஒத்தி பிடிப்பவர் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

5,000 வாடகை வீட்டை மூன்று லட்சம் ஒத்திக்குக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நகையை வைத்து ஒரு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்கு வாங்கினால் மாத வட்டி 3,000. வாடகையைவிட 2,000 மிச்சம். அதையே வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 6,000. வாடகைக்கே இருந்திருக்கலாம்.

பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, வீட்டுக்காரர் கட்டாமல் விட்டால், வங்கி வீட்டை எடுக்க வரும். அப்போது உங்கள் மூன்று லட்சத்துக்கு வீட்டுக்காரரைத்தான் துரத்த வேண்டும், அவர் கையிலும் பணம் இருக்காது. அதனால் மூன்று காரியம் செய்யாமல் ஒத்திப் பணம் கொடுக்காதீர்கள். ஒன்று, பதிவுத்துறையின் இணையதளத்தில் அந்தச் சொத்துக்கு வில்லங்கம் (அதன் மேல் கடன், அடமானம் பதிவாகியிருக்கிறதா என்ற விவரம்) போட்டுப் பாருங்கள், பார்ப்பதற்குக் கட்டணமில்லை. இரண்டு, மூலப்பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸை மட்டும் காட்டினால் அசல் எங்கே என்று கேளுங்கள். மூன்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு எழுதிய ஒத்தி, சண்டை என்று வந்தால் உங்களைக் காப்பாற்றாது. பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள்.

ஒத்தியானாலும் வாடகையானாலும், இடம் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமானதா என்றும் கேளுங்கள். ரத வீதிகளிலும் ஆற்றங்கரை ஊர்களிலும் அப்படி நிறைய உண்டு. உங்களுக்கு வீடு தருகிறவரே அங்கே ஒரு வாடகைதாரராக இருக்கலாம், உள்வாடகைக்கு விட அவருக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம்.

7. எழுதிக்கொள்வது

மேலே சொன்ன 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் (வருவாய்க் கோட்டாட்சியர் நிலையில் உள்ளவர்) பதிவு செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. பதிவை இணையத்திலேயே செய்யலாம், பதிவு எண் கிடைக்கும். "பதினோரு மாசம்தானே, எதுக்கு?" என்று வீட்டுக்காரர் சொல்வார். ஓராண்டுக்குக் குறைந்தால் சார்பதிவாளரிடம் பதிய வேண்டியதில்லை என்பதற்காக வந்த பழக்கம் அது. வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன், தீர்வை (வீட்டு வரி) ரசீதும் கரண்ட் பில்லும் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். வேறு பெயரில் இருந்தால் உறவு என்ன என்று கேட்டு, முடிந்தால் அவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வழக்கமான அச்சு வாசகத்தோடு இந்த வரிகளையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்:

"முன்பணம் ரூ. 15,000 வங்கி மூலம் பெறப்பட்டது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் இது திருப்பித் தரப்படும். மின்கட்டணம் மின்வாரியப் பில்படி மட்டும். வெள்ளையடிக்கும் செலவுக்காக முன்பணத்தில் ரூ. ______-க்கு மேல் பிடிக்கப்படாது. மோட்டார், குழாய், கூரைப் பழுது உரிமையாளர் பொறுப்பு. குடியேறும் நாளில் மீட்டர் அளவு: ______."

குடிபோகிற அன்று, சாமான் இறக்குவதற்கு முன், சுவர் விரிசல், உடைந்த ஜன்னல், ஒழுகிய கறை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு அது கிடக்கும்.

8. வாடகைக்கு உதவி உண்டா?

மாதாமாதம் வாடகைக்கென்று பொதுமக்கள் கையில் பணம் தரும் அரசுத் திட்டம் நம் ஊரில் இல்லை. அப்படி ஒன்று வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனால் வாடகைச் சுமையைக் குறைக்கும் வழிகள் இருக்கின்றன.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதி நெல்லையிலும் இருக்கிறது. தனியாக வீடு எடுக்கும் முன் அங்கே இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை படிப்புக்காக மட்டும் குடும்பமே டவுனுக்கு மாறுவதாக இருந்தால், முதலில் அரசு மாணவர் விடுதியில் கேளுங்கள். ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகள் என்று இருந்தவற்றுக்கு 2025-இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் வைத்தார்கள். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம்.

மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, கல்லூரிப் பிள்ளைகளுக்கான புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவிகள், முதியோர் ஓய்வூதியம் இவற்றில் உங்களுக்குத் தகுதியுள்ளது விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். வீடு மாறும்போது ரேஷன் கார்டு முகவரியையும் உடனே மாற்றுங்கள். கார்டு பழைய முகவரியிலேயே கிடந்தால் அரிசி வாங்க அலைச்சல் வரலாம். முகவரி மாற்றுவதற்கும் வாடகை ஒப்பந்தம்தான் கை கொடுக்கும்.

சம்பளத்தில் எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப்படி) வாங்குகிறவர்கள் பழைய வருமான வரி முறையில் இருந்தால் வாடகை ரசீதைக் கொடுத்து வரியைக் குறைக்கலாம். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் தேவைப்படும்.

சொந்த வீடே இல்லாத ஏழைக் குடும்பங்கள், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் (பழைய குடிசை மாற்று வாரியம்) குடியிருப்புகளில் ஒதுக்கீடு இருக்கிறதா என்று அதன் அலுவலகத்திலோ, கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலோ மனு கொடுத்துக் கேளுங்கள். மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

9. பிரச்சினை வந்தால்

வாடகையைக் கையில் கொடுத்தால் ரசீது கேளுங்கள், அது உங்கள் உரிமை. தர மறுத்தால் வங்கி வழியாக அனுப்புங்கள். ஒரு மாதம் பிந்தும் என்று தெரிந்தால் ஐந்தாம் தேதிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டு மாதப் பாக்கி, பிறகு நோட்டீஸ், அதற்கும் கட்டவில்லை என்றால் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட வீட்டுக்காரருக்குச் சட்டம் இடம் தருகிறது. அந்த நிலைக்குப் போகவிடாதீர்கள்.

ஆனால் பாக்கி இருந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ துண்டிக்கவும், பூட்டை மாற்றவும், சாமானைத் தெருவில் எறியவும் அவருக்கு உரிமை கிடையாது. வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இருந்தால்தான் வெளியேற்ற முடியும். துண்டித்தால் வாடகை அதிகாரியிடம் எழுதிக் கொடுங்கள். அந்தப் பொறுப்பு வருவாய்க் கோட்டாட்சியர் நிலை அதிகாரியிடம் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்தில் திருநெல்வேலி, சேரன்மகாதேவி, தென்காசி மாவட்டத்தில் தென்காசி, சங்கரன்கோவில் என்று வருவாய்க் கோட்டங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், இலவச எண் 15100. பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் அங்கே வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள்.

10. காலி செய்யும்போது

ஒப்பந்தத்தில் சொன்ன கால அளவுக்கு முன்பே, எழுத்தில் அல்லது வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள். "கடைசி மூணு மாசம் அட்வான்ஸுல கழிச்சுக்கிடுங்க" என்பது இங்கே வழக்கம். வீட்டுக்காரர் கையில் பணம் புரளாதவர் என்று தெரிந்தால் அதுதான் உங்களுக்கும் பாதுகாப்பு, ஆனால் அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு கழியுங்கள். சாமான் ஏற்றிய பிறகு, வெறும் வீட்டை அவரோடு சேர்ந்து சுற்றிப் பார்த்து, பழைய படங்களோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். மீட்டர் அளவை அவர் முன்னால் படம் எடுத்து, அதுவரைக்குமான கரண்ட் கட்டணத்தைக் கொடுத்துவிடுங்கள். சாவி ஒப்படைத்ததையும், மீதி அட்வான்ஸ் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் தருவார் என்பதையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சட்டப்படி ஒரு மாதம் அவருக்கு அவகாசம். அது தாண்டியும் வரவில்லையென்றால் அந்தத் தாளின் நகலோடு சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகி, எங்கே முறையிடுவது என்று கேட்கலாம்.